கரிமம் வரைந்த எல்லை

மண்ணியலார் ஊழிகளுக்குப் பெயரிட்ட வரலாறு சொற்களின் வரலாறுமாகும். 1833இல் சார்லஸ் லயல், சிப்பிப் படிவங்களைச் சான்றாகக் கொண்டு ஒரு காலப்பகுதியை ‘இயோசீன்’ என்றார்; கிரேக்கத்தில் அது புதியதன் வைகறை. அதன் முற்பகுதியை 1874இல் வில்ஹெல்ம் ஷிம்பர் எனும் தாவரவியலார், பாரிசு வடிநிலத்துத் தாவரப் படிவங்களை நோக்கிப் ‘பேலியோசீன்’ எனத் தனியே பிரித்தார். ஒருவர் கண்டது சிப்பி. மற்றவர் கண்டது இலை. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் எதுவெனும் வழக்கு நூறாண்டுக்கு மேல் தீராதிருந்ததில் வியப்பில்லை. பெல்ஜியத்துக் கடற்களிமண் காட்டிய எல்லைக்கும் வட அமெரிக்கப் பாலூட்டிகளின் எலும்புகள் காட்டிய எல்லைக்கும் இடையே சுமார் 10 இலட்சம் ஆண்டுகள்! எல்லை தெளியாவிடின், நிலத்தில் நேர்ந்ததும் கடலில் நேர்ந்ததும் ஒரே நிகழ்வா எனக் கூற வழியில்லை.

வழக்கைத் தீர்த்தது கரிமம். அதில் 12, 13 என நிறையெண் கொண்ட நிலையான ஐசோடோப்புகள் இரண்டு உள. பின்னது நூற்றுக்கு ஒன்றளவே. பயிரினங்கள் எடை குறைந்த 12ஐயே மிகுதியாய் ஏற்கும். கடல்நீரில் இவற்றின் விகிதம் எவ்வாறோ, அவ்வாறே போராமினிபெரா எனும் நுண்ணுயிரின் சுண்ண ஓட்டிலும் பதியும். ஓடுகள் கடலடியில் ஏடு ஏடாகப் படியும்.

1991இல் ஜேம்ஸ் கென்னெட்டும் லோவெல் ஸ்டாட்டும், அண்டார்க்டிகாவை அடுத்த வெடல் கடலின் அடிப்படிவில் 13இன் அளவு திடீரெனச் சரிந்திருத்தலைக் கண்டனர். கடலடி நுண்ணுயிர் இனங்கள் பல அழிந்ததும், ஆழ்நீர் வெப்பமுற்றதும் அவ்விடத்திலேயே. மறு ஆண்டு பால் கோக், ஜேம்ஸ் சாக்கோஸ், பிலிப் ஜிஞ்சரிச் மூவரும் வயோமிங் மாநிலத்துப் பழமண்ணிலும் விலங்குப் பற்களிலும் அதே சரிவைக் காட்டினர். காற்றில் கலந்த கரிமமே கடலுக்கும் செடிக்கும், செடி தின்ற விலங்குக்கும் சென்றதாகலின், இரு சுவடிகளிலும் ஒரே குறி விழுந்தது. அக்கரிமம் கடலடியில் உறைந்திருந்த மீத்தேனா, வட அட்லாண்டிக் எரிமலை உமிழ்ந்ததா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. உலகு 5 பாகை செல்சியசு அளவு வெப்பமுற்றதில் ஐயமில்லை.

எல்லைகள் பெரும்பாலும் ஓர் உயிரினத்தின் முதல் தோற்றத்தால் வரையறுக்கப்படுவன. இங்கோ, 2003இல், சரிவின் தொடக்கமே எல்லையென ஏற்கப்பட்டது. அதற்குரிய மூலச்சான்று எகிப்தில் லக்சருக்குத் தெற்கே தபாபியாவில் உள்ள களிமண் அடுக்கு. அகவை ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் ஆண்டு.

இதனால் ஒரு விந்தையும் நேர்ந்தது. இயோசீனின் முதற்பிரிவு ‘இப்ரேசியன்’. பெல்ஜியத்து இப்ர நகரின் களிமண்ணால் பெற்ற பெயர். எல்லை கீழிறங்கவே, பெயர் தந்த அக்களிமண் படியத் தொடங்குமுன்பே இப்ரேசியன் தொடங்கிவிடுகிறது.