சிங்கத்தூரின் உயிரெழுத்து

வேறோர் ஊர் தீப்பற்றி எரிந்த கதையில்தான் லிவிவ் நகரத்தின் பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறியது. ஹாலிச்-வோலின் வரலாற்றேடு 1256ஆம் ஆண்டுச் செய்தியாக, ஹோல்ம் என்ற ஊர் எரிந்ததைச் சொல்கிறது. அந்தத் தீயின் வெளிச்சம் லிவிவிலிருந்து பார்த்தால் தெரிந்ததாம். ஹோல்ம் இன்று போலந்து எல்லைக்குள் இருக்கிறது. லிவிவை யார் கட்டியது, எப்போது கட்டியது என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லை. ஊர் ஏற்கெனவே இருந்தது, அங்கிருந்து யாரோ வானம் சிவந்ததைப் பார்த்தார்கள், அவ்வளவுதான் தெரிகிறது. மேற்கு உக்ரைனின் இந்தப் பெருநகரம் தன் வயதை இன்றும் அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்த தேதியே பிறந்தநாள் ஆகிவிடுவதைப்போல.

பெயரின் பொருளில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஹாலிச் நாட்டை ஆண்ட டானிலோ, தம் மகன் லெவ்வின் பெயரை ஊருக்கு வைத்தார். லெவ் என்றால் சிங்கம். பின்னால் வரும் விகுதிக்கு 'உடைய' என்று பொருள். ஆக, லெவ்வுடைய ஊர். கீவ் நகரத்தின் பெயரும் இதே அச்சில் வார்த்ததுதான். கிய் என்பவனுடைய ஊர் என்று மரபுக்கதை சொல்கிறது. 2022இல் போர்ச் செய்திகளில் வரிசையாக வந்த கார்கிவ், செர்னிஹிவ், மிகோலாயிவ் ஆகிய பெயர்களின் வாலும் அதே வால்தான்.

சிக்கல் ஒலியில் இருக்கிறது. மகன் பெயர் லெவ் என்றால், ஊர்ப் பெயரில் அந்த எகரம் எங்கே போயிற்று? உக்ரைனியர் வாயில் முதல் லகரத்துக்குப் பிறகு உயிரே கிடையாது. லகர மெய்யும் வகரமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இதற்கான விளக்கம் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பழைய ஸ்லாவிய மொழியில் ஓசை குறுகிய இரண்டு உயிர்கள் இருந்தன. ஒன்று தேய்ந்த இகரம், மற்றது தேய்ந்த உகரம். நம் குற்றியலிகரமும் குற்றியலுகரமும் என்றே வைத்துக்கொள்ளலாம். சிங்கத்துக்கான பழஞ்சொல்லில் லகரத்தின் பின் ஒரு குற்றியலிகரம், வகரத்தின் பின் ஒரு குற்றியலுகரம். 12ஆம் நூற்றாண்டை ஒட்டி இந்த அரை உயிர்கள் எல்லாம் ஆட்டம் கண்டன. சொல்லின் கடைசியில் நின்றது விழுந்தது. அதற்கு முந்தைய அசையிலும் ஓர் அரை உயிர் இருந்தால், அது நிமிர்ந்து முழு உயிராயிற்று. அப்படித்தான் 'லெவ்' என்ற சொல்லில் எகரம் முளைத்தது. ஊர்ப் பெயரிலோ அடுத்த அசையில் ஒரு முழு ஒகரம் உட்கார்ந்திருந்தது. அரை உயிருக்கு அங்கே வேலை இல்லாமல் போய் உதிர்ந்துவிட்டது. மகனிடம் பிழைத்த உயிர் ஊரிடம் பிழைக்கவில்லை. லகரத்தில் ஒரு குழைவு மட்டும் மிஞ்சியது. அதைக் காட்ட உக்ரைனிய எழுத்தில் ஒலியில்லாத குறி ஒன்று இன்றும் நிற்கிறது.

தமிழில் எழுத வரும்போது நமக்கு வேறொரு தொல்லை. சொல்லின் முதலில் தனிமெய் நிற்காது என்பது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். லிவிவ், லுவீவ் என்று நம் செய்தித்தாள்கள் தடுமாறியதற்கு அதுதான் காரணம். நான் லிவிவ் கட்சி. நாம் வசதிக்காக நுழைக்கும் அந்த இகரம், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்லாவியர் தொலைத்த இகரம் இருந்த அதே இடத்தில் போய் உட்காருகிறது. தெரியாமல் செய்த பழுதுபார்ப்பு. ஹங்கேரியர்களுக்கும் இந்தத் தொடக்கம் வாயில் வரவில்லை போலும். நாம் இராமன், இலங்கை என்று எழுதுவதைப்போல முன்னால் ஓர் இகரம் வைத்து, 'இய்வோ' என்று ஆக்கிக்கொண்டார்கள்.

வரலாறு இரண்டாவது உயிரில் இருக்கிறது. கடைசிக் குற்றியலுகரம் விழுந்ததும் அதற்கு முந்தைய அசை மெய்யில் முடிந்து அடைபட்டுப்போனது. அடைபட்ட அசையின் ஒகரம் உக்ரைனியரிடம் முதலில் நீண்டு, பிறகு படிப்படியாக மேலேறி இகரமாயிற்று: லிவிவ். போலந்துக்காரரிடம் அதே ஒகரம் உகரத்தில் போய் நின்றது: லிவுஃப். ரஷ்யரிடம் அது அசையவே இல்லை: லிவோஃப். ஓர் ஊர், ஓர் உயிரெழுத்து. பேசுகிறவர் எந்தக் கொடியின் கீழ்ப் பள்ளிக்கூடம் போனவர் என்பதை அந்த ஓர் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

கொடிகளுக்கும் குறைவில்லை. 1349இல் போலந்து அரசர் காசிமிர் ஊரைப் பிடித்தார். 1772இல் ஆஸ்திரியா. 1918இல் உக்ரைனியரும் போலந்துக்காரரும் தெருத் தெருவாகச் சண்டையிட்டு, போலந்து வென்றது. 1939இல் சோவியத், 1941இல் ஜெர்மானியர், 1944இல் மறுபடி சோவியத். 1991 முதல் சுதந்திர உக்ரைன்.

ஆஸ்திரியர் காலத்து அரசாங்கப் பெயர் லெம்பெர்க். இது இந்தக் குடும்பத்தைச் சேராததுபோலத் தோன்றும், ஆனால் உள்ளே இருப்பது அதே சிங்கம். இடைக்காலத்தில் குடியேறிய ஜெர்மானிய வணிகர்கள் ஊரைச் சிங்கக்கோட்டை என்று பொருள்பட 'லேவன்பூர்க்' என்றார்கள். வேகமாகச் சொல்லும்போது நடுவிலிருந்த எழுத்துகள் நசுங்கி, பகரத்தின் முன் நின்ற னகரம் மகரமாயிற்று. ஒன்பதை நாம் ஒம்பது என்பதில்லையா, அதே கதைதான். பிறகு கோட்டையைக் குறிக்கும் 'பூர்க்' நழுவி, மலையைக் குறிக்கும் 'பெர்க்' வந்து சேர்ந்தது. ஊருக்கு வடக்கே 'உயர் கோட்டை' என்ற குன்று உண்மையிலேயே நிற்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. இன்று அந்தக் குன்றில் ஏறுகிறவர்களுக்குக் கோட்டையின் சிதைந்த சுவர்த்துண்டும், 1869இல் கொட்டத் தொடங்கிய மண்மேடும், அங்கிருந்து முழு நகரமும் பார்க்கக் கிடைக்கும்.

கீழே பழைய நகரத்தின் நடுவில் ரீனோக் சதுக்கம். ரீனோக் என்றால் இன்றைய உக்ரைனியத்தில் சந்தை. சொல்லோ ஜெர்மானியரின் 'ரிங்', அதாவது வளையம், போலந்து மொழி வழியாக வந்தது. நாற்கரமான இடத்துக்கு வளையம் என்று பெயர். சதுக்கத்தின் நடுவில் நகர மன்றம். பழைய கோபுரம் 1826இல் இடிந்து விழுந்தபின் 1835இல் முடித்த கட்டடம் இது. கோபுரம் 65 மீட்டர். வாசலின் இரு பக்கமும் கேடயம் பிடித்தபடி இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பழைய ஊரில் கதவுப்பிடி, மாடித் தாங்குகல், மழைநீர்க் குழாய் என்று எங்கும் சிங்க முகம்தான். ஒரு மனிதனின் பெயரை விலங்காகப் படித்துக்கொண்டதன் விளைவு. இளவரசர் லெவ் மறைந்து மிருகம் மட்டும் நின்றுவிட்டது.

சதுக்கத்திலிருந்து கிளம்பும் தெருக்களின் பெயரைப் படித்தாலே ஊரின் பழைய குடிக்கணக்கு கிடைத்துவிடும். விர்மென்ஸ்கா, ஆர்மீனியர் தெரு. 1363இல் எழுந்த ஆர்மீனியப் பேராலயம் அங்கே இருக்கிறது. ஸ்தாரோயெவ்ரேய்ஸ்கா, பழைய யூதர் தெரு. ருஸ்கா தெருவில் பயணிகள் தவறாமல் தடுக்கி விழுவார்கள், ரஷ்யர் தெரு என்று நினைத்து. அது ரூஸ் மக்களின் தெரு. ரூஸ் என்பது உக்ரைனியர்கள் பல நூற்றாண்டுகள் தங்களுக்கே வைத்துக்கொண்டிருந்த பெயர். கத்தோலிக்க ஊரில் கீழைத் திருச்சபையினர் அந்தத் தெருவையும் அதிலுள்ள அன்னை மரியா விண்ணேற்பு ஆலயத்தையும் சுற்றி வாழ்ந்தார்கள்.

சதுக்கத்தின் மூலையில் துருகார்ஸ்கா தெரு, அதாவது அச்சகத் தெரு. இவான் ஃபெதோரோவ் 1574இல் இந்த நகரத்தில்தான் அப்போஸ்தலர் நூலையும் ஓர் அரிச்சுவடியையும் அச்சிட்டார். அந்தத் தெருமுனையில் 'கருங்கழுகு' மருந்துக்கடை, 1735இல் திறந்தது. 1966 முதல் அது அருங்காட்சியகமும் கூட. முன்னறையில் இன்றும் மருந்து விற்கிறார்கள். தலைவலி மாத்திரைக்கு வந்தவரும் கண்காட்சிக்கு வந்தவரும் ஒரே கதவால் நுழைய வேண்டும். அடுக்கடுக்காகப் பீங்கான் ஜாடிகள், தராசுகள், உரல்கள், உள்ளே போனால் நிலவறை. ஜாடிகளில் எழுதியிருப்பது லத்தீன். அந்த மொழியில் ஊரின் பெயர் லெயோபோலிஸ். எனக்குத் தெரிந்து இந்த ஒரு பெயருக்காக மட்டும் யாரும் யாரோடும் துப்பாக்கி தூக்கவில்லை. முன்பாதி லத்தீன் சிங்கம், பின்பாதி கிரேக்க நகரம், ஒட்டுப்போட்ட சொல்.

இன்னொரு ஒட்டுச்சொல்லும் இந்த நகரத்தைத் தொட்டு வந்தது. முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன்: ஜெனோசைட், இனப்படுகொலை. 1944இல் வெளியான நூலில் அதை உலகுக்குத் தந்த ராஃபேல் லெம்கின், லிவுஃப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மனித இனத்துக்கு எதிரான குற்றம் என்ற கருத்தை நியூரம்பெர்க் விசாரணைக்குள் கொண்டுவந்த ஹெர்ஷ் லௌட்டர்பாக்டும் அதே பல்கலைக்கழகத்தில்தான் படித்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். அவர்களின் யித்திஷ் மொழியில் ஊர் 'லெம்பெரிக்'. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் மக்களோடு அந்த உச்சரிப்பும் அழிந்தது. பழைய யூதர் தெருவில் 1582இல் கட்டிய 'பொன் ரோஜா' ஜெபக்கூடத்தின் சுவர்த்துண்டுகளைத்தான் இப்போது காணலாம். சில தெருக்களில் சாந்து பெயர்ந்த இடத்தில் பழைய கடை விளம்பரங்கள் தலைகாட்டும். மேலே போலந்து மொழி, பக்கத்தில் யித்திஷ், சில இடங்களில் ஜெர்மன். கடைக்காரருக்கு எல்லா மொழி வாடிக்கையாளரும் வேண்டியிருந்திருக்கிறது.

'லிவுஃப்' வேறு விதமாகப் போயிற்று. போருக்குப் பின் எல்லை நகர்ந்தபோது போலந்துக்காரர்கள் மேற்கே அனுப்பப்பட்டார்கள். பலர் போய்ச் சேர்ந்த விரோட்ஸ்வாஃப், அதுவரை ஜெர்மானியரின் பிரெஸ்லாவ். ஒஸ்ஸோலினெயும் நூலகத்தின் ஒரு பகுதி, 1894இல் லிவிவில் காட்டிய ரத்ஸ்வாவித்ஸே போர்க்கள வட்டஓவியம், எல்லாம் அங்கே போயின. ஊரைக் கொண்டுபோக முடியாதவர்கள் அருங்காட்சியகத்தைக் கொண்டுபோனார்கள்.

2022 மார்ச்சில் ஆர்மீனியப் பேராலயத்திலிருந்து மரச்சிற்பமான கிறிஸ்துவைச் சில ஆண்கள் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்த படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். குண்டுக்கு எட்டாத இடத்தில் வைப்பதற்காக. ரீனோக் சதுக்கத்து நீரூற்றுச் சிலைகள் நான்கையும் துணி சுற்றிக் கட்டினார்கள். 1998 முதல் உலக மரபுச் சின்னமான பழைய நகரத்தை யுனெஸ்கோ 2023இல் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. கீயெவ் அல்ல கீவ், லிவோஃப் அல்ல லிவிவ் என்று உக்ரைன் உலகத்திடம் வற்புறுத்தியதை எழுத்துப்பிழைச் சண்டை என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. அந்த இகரம் அவர்கள் வாயில் எண்ணூறு ஆண்டுகளில் விளைந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை. பெயர் தனியாக நிற்கும்போதுதான் அந்த இகரம். வேற்றுமை உருபு வந்து ஒட்டினால், ஈற்று வகரம் உருபின் உயிரோடு சேர்ந்துகொள்ளும். அடைபட்ட அசை திறந்துகொள்ளும். உள்ளே பழைய ஒகரம் அப்படியே இருக்கும். 'லிவிவில்' என்பதற்கு உக்ரைனியர் 'லிவோவி' என்பார்கள், போலந்துக்காரர் 'லிவோவியே', ரஷ்ய மொழி பேசுகிறவர் 'லிவோவே'. அந்த ஒகரம் ரஷ்யாவிடம் வாங்கிய கடன் இல்லை, மூன்று மொழிக்கும் மூத்தது. 2022 வசந்தத்தில், 1904இல் கட்டிய லிவிவ் ரயில் நிலையத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். கார்கிவிலிருந்து வந்த பலருக்கு வீட்டு மொழி ரஷ்யன். எங்கே இருக்கிறாய் என்று ஃபோனில் கேட்டவருக்கு அவர்கள் சொன்ன ஊர்ப் பெயரும், பக்கத்தில் சூப் ஊற்றிக்கொடுத்த ஊர்க்காரர் தன் வீட்டுக்குச் சொன்ன ஊர்ப் பெயரும் கடைசி எழுத்தில் மட்டும்தான் வேறுபட்டிருக்கும்.