டபுள் கிளட்ச் போட்ட காலம்

வரலாறு வாத்தியாருக்கு லாரி கியரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பானிப்பட்டுப் போருக்கு இருப்பதுபோல் கியர் ராடுக்கும் ஒரு வரலாறு உண்டு. என்னிடம் படித்த பையன்கள் நாலைந்து பேர் இன்று லாரி ஓட்டுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

1890-களில் பிரான்சின் பனார் லெவாசோர் கம்பெனி செய்த கார்களில்தான் இன்றைய கியர்பாக்ஸின் பாட்டன் வந்தது. ஒரு பல்சக்கரத்தை நகர்த்தி இன்னொன்றோடு கோக்க வேண்டும். இரண்டின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் பல் விழாது, 'கர்ர்ர்' என்று அரைக்கும்.

நம் நாட்டில் 1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாடாவும் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸும் கைகோத்தன. அந்தக் காலத்து டிரைவர்களின் வித்தைதான் டபுள் கிளட்ச். கியரைக் குறைக்க வேண்டுமா? கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவருவார்கள். காலை எடுத்து ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டுவார்கள். இன்ஜின் வேகம் ஏறி, அதோடு கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சக்கரமும் வேகம் பிடிக்கும். உடனே மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட்டால் வெண்ணெய்போல் விழும். கியரைக் கூட்டும்போது ரேஸ் கொடுக்கக் கூடாது. இன்ஜின் சத்தம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கணக்கெல்லாம் காதில்தான். பல வருஷம் கிளீனராகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பழகிய காது அது.

1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார் சிங்க்ரோமெஷ்ஷோடு வந்தது. பல் கோப்பதற்கு முன்பே ஒரு பித்தளை வளையம் உரசி வேகத்தைச் சமன் செய்துவிடும். லாரிக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. வந்ததும் டபுள் கிளட்ச் மறைந்தது. நல்லதுதான், முட்டிவலி மிச்சம்!

ஆனால் அதோடு சேர்ந்து இன்னொரு பழக்கமும் தேய்கிறது. நம் கிரிவலப் பாதை பிரியும் செங்கம் ரோட்டிலேயே மேற்கே போனால் ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி. அங்கிருந்து சேலத்துக்குத் திரும்பினால், தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம். எத்தனை லாரிகள் அங்கே கட்டுப்பாடு இழந்து முன்னால் போன வண்டிகள்மேல் ஏறியிருக்கின்றன! பல வண்டிகள் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவை. நியூட்ரலில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. லோடு முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. அப்போது கியரில் போடப் பார்த்தால், அந்த வேகத்தில் சிங்க்ரோமெஷ்ஷும் கைவிட்டுவிடும்.

மேட்டில் எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் பாடம். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். டீசல் கணக்குக்கு வருவோம். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜின் டீசலை அறவே நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும்.