வெல்டுக்குள்ளே பார்ப்பது எப்படி? ஒரு ஷூ கம்பெனியில் தொடங்கிய வரலாறு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களுக்கு ஷூ கம்பெனி தெரியும், டேனரி தெரியும், டேனரிக்குப் பின்னால் இருக்கிற பாய்லரும் தெரியும். அந்த பாய்லர் தகட்டை இணைக்கிற வெல்டு நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் நடந்ததே ஒரு ஷூ கம்பெனியில்தான்.

1905 மார்ச் 20. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்ற ஊர். நம்ம ஆம்பூர் மாதிரியே ஷூவால் பிழைத்த ஊர். காலை வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் குரோவர் ஷூ தொழிற்சாலையின் பழைய பாய்லர் வெடித்துக் கூரையைப் பிளந்துகொண்டு போனது. நான்கு மாடிக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள். சுமார் 150 பேருக்குக் காயம்.

காரணம், இணைப்பில் இருந்த ஒரு விரிசல். அந்தக் காலத்தில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரிவெட் அடிப்பார்கள். அப்படிச் செய்தால் பாய்லர் முழு வட்டமாக இருக்காது. அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த இடம் வளைந்து நிமிரும். மேல் தகடு மூடியிருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் வளரும். வெளியிலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாது.

இதற்குப் பிறகுதான் 1907இல் மாசசூசெட்ஸ் பாய்லர் விதிகளைக் கொண்டுவந்தது. அந்த வழியில் 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்லர் கோடு உருவானது. இந்தியாவில் 1923இல் பாய்லர் சட்டமும், 1950இல் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகளும் வந்தன.

ரிவெட் போய் வெல்டிங் வந்ததும் பிரச்சினை தீரவில்லை. குறை வெல்டுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டது. 1895இல் ரான்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே இங்கே கைகொடுத்தது. 1922இல் அமெரிக்க ராணுவத்தின் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் ஹோரஸ் லெஸ்டர் உலோகத்தை எக்ஸ்ரே எடுக்கும் கூடம் அமைத்தார். 1931 வாக்கில், எக்ஸ்ரே எடுத்துத் தேறினால் வெல்டு செய்த பாய்லர் டிரம்மை ஏற்கலாம் என்று பாய்லர் கோடு ஒப்புக்கொண்டது.

ஒலியின் கதை கொஞ்சம் தாமதம். 1920களின் இறுதியில் சோவியத் விஞ்ஞானி சோகலோவ் கேளா ஒலியால் உலோகத்தைச் சோதிக்கலாம் என்றார். எதிரொலியைப் பிடிக்கும் கருவியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃப்ளாய்ட் ஃபயர்ஸ்டோன் உருவாக்கி 1942இல் காப்புரிமை பெற்றார். கிணற்றில் கல்லைப் போட்டு சத்தத்தை வைத்து ஆழம் கணிக்கிற மாதிரிதான். எஃகில் நெடுக்கலை நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் போகும். எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்து குறை எங்கே இருக்குன்னு கணக்குப் போடலாம்.

சரி, எது நல்லது?

ரேடியோகிராஃபியில் நிழல்தான் பதிவு. வாயுக் குமிழி, ஸ்லாக் மாதிரி பருமனான குறைகள் பிலிமில் தெளிவாக விழும். மெல்லிய விரிசல் கதிர் போகும் திசையிலேயே நிற்காவிட்டால் நிழல் விழாமலே தப்பிவிடும். அல்ட்ராசோனிக் நேர்மாறு. விரிசல், சரியாக உருகி ஒட்டாத இடம் மாதிரி தட்டையான குறையின்மேல் ஒலி நேராகப் பட்டால் நன்றாக எதிரொலிக்கும். அதனால்தான் 45, 60, 70 டிகிரி என்று ப்ரோபை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கனமான தகட்டில் இது ராஜா. மெல்லிய தகட்டிலும், பருமணி கொண்ட ஸ்டெயின்லெஸ் வெல்டிலும் தடுமாறும்.

இன்னொரு வித்தியாசம், சாட்சி. பிலிமை எடுத்துவைத்துப் பத்து வருஷம் கழித்தும் பார்க்கலாம். பழைய அல்ட்ராசோனிக்கில் திரையில் துள்ளிய கோட்டைப் பார்த்த ஆள் சொல்வதுதான் சாட்சி. 1970களில் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மாரிஸ் சில்க் உருவாக்கிய டாஃப்ட் முறை, பிறகு வந்த ஃபேஸ்டு அரே எல்லாம் பதிவு வைத்துக்கொள்ள வழி செய்தன.

தமிழ்நாட்டில் இந்த அறிவு வேர்விட்டது திருச்சியில். 1960களில் பெல் உயரழுத்த பாய்லர் ஆலை, 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். 1980களில் ராணிப்பேட்டையில் பெல்லின் பாய்லர் துணைக்கருவி ஆலை வந்தது. தோல் வாசனை அடிக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே கனரக வெல்டிங்.

ரேடியோகிராஃபிக்கு ஒரு விலை உண்டு. களத்தில் பெரும்பாலும் இரிடியம்-192 பயன்படும். அதன் அரை ஆயுள் 74 நாள். 1999இல் பெருவின் யானாங்கோ நீர்மின் நிலையத்தில், கேமராவிலிருந்து கழன்று விழுந்த இரிடியம் மூலத்தை ஒரு வெல்டர் என்னவென்று தெரியாமல் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆட்கள் போன பிறகு ராத்திரியில் கயிறு கட்டிப் படம் எடுப்பது சும்மா சம்பிரதாயம் இல்லை.

இப்போது நம்ம ஊர். 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பொதுக் கழிவுநீர் நிலையங்களில் படிப்படியாக ஆவியாக்கிகளும் வந்தன. தோலைப் பதப்படுத்தும் உப்பு அவற்றில் செறிவாகிறது. சூடான உப்புநீர் ஸ்டெயின்லெஸ்ஸில் நுண் விரிசலை உண்டாக்கும். வெல்டு செய்த அன்று எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், இது பிறகு வளர்வது. மெல்லிய, கிளைவிடும் விரிசல் என்பதால் பிலிமிலும் தப்பலாம். மெல்லிய தகடு என்பதால் ஒலிக்கும் கஷ்டம். இங்கே மேற்பரப்பில் சாயம் ஊற்றிப் பார்க்கும் எளிய முறைதான் முதலில் கைகொடுக்கும்.

ஆகவே "ஆர்.டி. பண்ணியாச்சு, ஓகே" என்று ஒரு சான்றிதழ் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மாதிரி குறையைத் தேடினீர்கள்? அடுத்து எப்போது தேடுவீர்கள்? பழைய பாய்லர் வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது என்று பிராக்டனில் நம்பினார்கள். விலை கொடுத்தது ஷூ தைத்துக்கொண்டிருந்தவர்கள்.