மணல் கப்பலேறியது, மரக்கால் ஏறவில்லை

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியபோது அதைப் புதுமை என்றே கொண்டாடினார்கள். ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையிலிருந்து எடுத்தவை அட்டைகளும் கற்றல் ஏணியும். பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி சுவரின் அடியில் கரும்பலகையும் வந்தது. நகரத்துப் பிள்ளைக்கு என்ன அட்டையோ, காவிரி டெல்டாவின் திருப்பனந்தாள் பிள்ளைக்கும் அதே அட்டைதான். பிள்ளை கையால் செய்து கற்பது காவிரிக் கரைக்குப் புதிதல்ல. இங்கே இடையில் தொலைந்தது செயல் அன்று. அந்தச் செயலுக்குப் பொருள் கொடுத்த ஊர்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் விரலால் மணலில் எழுதினான், பிறகு ஓலைக்குப் போனான். கணக்குக்குப் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. நெல்லிலக்கம் முழுக்க அளவைப் பாடம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இரட்டிப்பதும் பாதியாக்குவதும் இதிலேயே அடங்கிவிடுகின்றன. வீட்டில் குத்தகை நெல் அளப்பதைப் பார்த்தவனுக்கு இது வெறும் வாய்ப்பாடாக இருந்திருக்காது. பின்னமும் அப்படித்தான்: இருபதில் ஒன்று மா, வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்கும் மா, வரப்பில் நின்றால் பின்னம் கண்ணுக்குத் தெரியும். திருப்பனந்தாளுக்கு அருகே சூரியமூலையில் 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது வாத்தியார் ஆளுக்கொரு பூ, பறவை, ஊர் என்று பெயர் சொல்லி அனுப்பி மறுநாள் கேட்ட வழக்கத்தை 'என் சரித்திர'த்தில் பதிவு செய்திருக்கிறார். இன்று கருப்பொருள் வழிக் கற்பித்தல் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதற்கு இது தூரத்துச் சொந்தமாவது ஆகும்.

திண்ணையில் நடந்தது பிரம்படியும் மனப்பாடமும்தானே என்று கேட்கலாம். பிரம்படி உண்மை, அதற்குச் சமாதானம் தேட வேண்டியதில்லை. மனப்பாடம் வேறு கதை. இச்சுவடிகளை ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவாற்றலே ஒரு கற்றல் முறையாக இருந்தது என்கிறார். மனத்தில் பதிந்த வாய்ப்பாடு களத்து மேட்டிலும் கடையிலும் உடனே வேலைக்கு வந்தது. வேலைக்கு வராத மனப்பாடம் அதன் பிறகு வந்ததுதான்.

திண்ணை முறையில் எது பயணம் செய்தது, எது செய்யவில்லை என்பதைக் கவனித்தால் விஷயம் தெளிவாகும். 1789-இல் சென்னை எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தார். 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது. மணல் எந்த ஊரிலும் கிடைக்கும். சட்டாம்பிள்ளையை எந்த ஊரிலும் நியமிக்கலாம். நெல்லிலக்கம் கப்பலேறவில்லை, ஏறவும் முடியாது. கருவி ஊர்விட்டு ஊர் போகும். கருப்பொருளை அந்தந்த ஊரில்தான் விளைவிக்க வேண்டும். இரண்டு நூற்றாண்டு கழித்து நமக்கு வந்த அட்டையும் கருவிதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊரைப் பாடமாக்கினால் ஊரின் சாதி அடுக்கும் பாடமாகிவிடாதா? சென்னை மாகாண ஆளுநர் மன்றோ பள்ளிகளைப் பற்றி 1822-இல் கேட்டு 1826-இல் தொகுத்த கணக்கில், மாகாணம் முழுவதும் 1,88,650 மாணவர்களில் பெண்கள் 4,540 பேர்தான். டெல்டாவின் பண்ணையாள் பிள்ளைகளுக்கும் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரம். 1953-இல் ராஜாஜி, கிராமப் பள்ளி நேரத்தைக் குறைத்து மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது, அதைக் குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்தது சரியே. 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. ஆனால் அத்திட்டத்தின் குற்றம் பிள்ளையை வகுப்பிலிருந்து வயலுக்கு அனுப்பியது. வயலை வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாகக் கொண்டுவருவது அதற்கு நேர் எதிர். யோசித்துப் பார்த்தால், நெல்லிலக்கம் யாருக்கு அதிகம் தேவைப்பட்டது? கூலியை நெல்லாக வாங்கியவனுக்கு. மரக்காலில் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடத் தெரிந்த மகன் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். அந்த மகனைத்தான் திண்ணையில் ஏற்றவில்லை.

மரக்காலே வழக்கொழிந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. மெட்ரிக் அளவை வந்தபின் நெல்லிலக்கத்தை மீட்பது வீண்வேலை, நானும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் டெல்டா ஊர்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கிறார்கள். 40 கிலோ சிப்பமாக நெல்லைப் பிடிக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் விதியில் தளர்வு கேட்டு விவசாயிகள் மனு எழுதுகிறார்கள். எடை, சதவீதம், விலை, மழை, மனு எழுதும் மொழி என்று நாலாம் வகுப்புக்கு ஒரு மாதப் பாடம் அங்கே குவிந்து கிடக்கிறது. அதற்கு அட்டை அச்சிட்டு அனுப்ப சென்னையால் முடியாது. திருப்பனந்தாள் ஆசிரியரால் முடியும், அதற்கான நேரத்தை அவர் நிரப்ப வேண்டிய பதிவேடுகள் விட்டுவைத்தால்.