இது விஸ்கியே இல்ல மச்சி

நண்பன் அறையில் உள்ளூர் பாட்டிலைத் திறந்தபோது நான்தான் ஆரம்பித்தேன். "இது விஸ்கியே இல்ல மச்சி, மொலாசஸ். ஐரோப்பால இதை விஸ்கின்னு விக்கவே முடியாது." சொன்னது உண்மைதான். அங்கே விஸ்கி தானியத்திலிருந்துதான் வர வேண்டும்; நம்மூரில் பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகிலிருந்து இறக்கிய சாராயம் சேர்கிறது. எது அசல் என்று காட்ட, பக்கத்திலிருந்த பிளெண்டட் ஸ்காட்ச்சைக் கைகாட்டினேன்.

அந்த ஸ்காட்ச்சும் ஒருகாலத்தில் கூண்டில் நின்றது என்று பிறகுதான் படித்தேன்.

பாட் ஸ்டில் எனப்படும் செம்புக் கொப்பரையில் ஒவ்வொரு முறையும் நிரப்பி, காய்ச்சி, காலிசெய்ய வேண்டும். 1830இல் அயர்லாந்துக்காரரான ஏனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற உயரமான கலன் நிற்காமல் ஓடியது. சரக்கு மலிவு, சுவை மெலிவு. டப்ளினின் பெரிய வடிப்பாளர்கள் அதை ஒதுக்கினார்கள், ஸ்காட்லாந்து வாரிக்கொண்டது. 1860இல் வரி கட்டுமுன் கிடங்கிலேயே மால்ட்டையும் தானியச் சாராயத்தையும் கலக்கச் சட்டம் வழிவிட்டது. எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் போன்றவர்கள் அதில் தொழிலை வளர்த்தார்கள். மால்ட் பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும். எத்தனை பாட்டில் வாங்கினாலும் ஒரே சுவை வரவைப்பதுதான் கலப்பவரின் வேலை.

1905இல் லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி, விஸ்கி கேட்டவருக்கு விஸ்கி கொடுக்கவில்லை என்று கடைக்காரர்கள் மீது வழக்குப் போட்டது. அவர்கள் விற்றதில் பெரும்பங்கு காஃபி கலனின் சாராயம். 1906இல் மாஜிஸ்ட்ரேட் ஃபோர்டம் அவர்களைக் குற்றவாளிகள் என்றார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். 1908இல் அரச ஆணையம் அமைந்தது. முளைத்த தானியத்தின் நொதியால் இனிப்பாக்கிய தானியக் கூழிலிருந்து வடித்தால் போதும், எந்தக் கலனானாலும் அது விஸ்கி என்று 1909இல் முடித்தது. பாட் ஸ்டில்காரர்கள் தோற்றார்கள்.

இன்றைய லேபிள் அந்தத் தீர்ப்பின் மேல் கட்டியது. 2009ஆம் ஆண்டு விதிகளில் ஸ்காட்ச்சுக்கு ஐந்து வகை: சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெய்ன், பிளெண்டட். பாட்டிலில் '12 ஆண்டு' என்றிருந்தால் கலவையில் ஆக இளையதன் வயது அது. எங்கள் கோடில் மினிமம் ஃபங்ஷன் மாதிரி. முப்பது வருஷச் சரக்கு எவ்வளவு கலந்தாலும் எண் ஏறாது. நேர்மையான விதி, எனக்குப் பிடித்தது.

மொலாசஸைத் தானியம் என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவு நண்பனிடம் பேசிய குரல் ஃபோர்டமுடையது. அவர் முன்னால் நான் நீட்டிய அசலும் போலிதான்.