சராயும் டாக் பங்களாவும்: வழித்தங்கல் சொற்கள் இரண்டு

வட இந்தியப் பயண வரலாறுகளைத் தமிழாக்குவோர் 'சராய்', 'டாக் பங்களா' ஆகிய இரண்டையும் 'விடுதி' என்றே பெயர்ப்பதுண்டு. இதனால் பயணி எவ்வாறு வந்தார், யாருடைய ஏற்பாட்டில் தங்கினார் என்னும் செய்திகள் மறைந்துவிடுகின்றன.

'சராய்' என்னும் பாரசீகச் சொல் அரண்மனை, இல்லம், வழிப்போக்கர் தங்குமிடம் எனப் பல பொருள் தரும். ஷேர் ஷா (ஆட்சி 1540-1545) பெருவழிகளில் இரண்டு குரோசத் தொலைவிற்கு ஒன்றாகச் சராய்களை அமைத்தார் என அப்பாஸ் கான் சர்வானி குறிப்பிடுகிறார். அவற்றில் அஞ்சல் குதிரைகளும் நிறுத்தப்பட்டன.

டாக் பங்களா 19ஆம் நூற்றாண்டில் பரவியது. கட்டந்தோறும் ஆளையோ குதிரையையோ மாற்றிச் செல்லும் அஞ்சல் முறையே 'டாக்'. பல்லக்கில் செல்வோர் அஞ்சல் அலுவலரிடம் முன்பணம் செலுத்தினால், ஒவ்வொரு கட்டத்திலும் புதிய பல்லக்குத் தூக்கிகள் காத்திருப்பர். இவ்வாறு செல்வோர் இளைப்பாற அரசு கட்டிய மனையே டாக் பங்களா. அங்குத் தங்கக் கட்டணம் உண்டு. சமையலைக் கான்சாமா கவனிப்பார். 1853இல் பயணியர் இரயில் தொடங்கிப் பாதைகள் விரிந்தபின் பல்லக்குப் பயணம் அருகியது; பெயர் நிலைத்தது.

'தபால் பங்களா' என்னும் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு அஞ்சலகமோ என மயங்கச் செய்யும். 'பயணியர் மாளிகை' பொருந்தும். 'சத்திரம்' அறக்கொடைப் பொருளுடையதாதலின், கட்டணம் பெற்ற டாக் பங்களாவிற்கு ஒவ்வாது. 'சராய்' தமிழில் காலுடையையும் குறிக்கும். ஆகவே, முதலில் வருமிடத்தில் 'சராய் என்னும் வழித்தங்கல் மனை' என விளக்கி, பின்னர் அச்சொல்லையே ஆளுதல் தகும்.