முத்துலட்சுமி ரெட்டி குடும்பத்தோட லண்டன் போன கதை

பாலக்கோடு, பென்னாகரம், அரூர்னு நம்ம தர்மபுரி மாவட்டத்துல எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் ஒரு பேரு காதுல விழும். "முத்துலட்சுமி ரெட்டி பணம் ஏறிடுச்சாக்கா?" கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டத்தின் பெயர் அது. அந்த டாக்டர், நாற்பதை நெருங்கும் வயதில் கணவர், பிள்ளைகளோட கப்பலேறி லண்டனுக்குப் படிக்கப் போனவர். பணம் வாங்குறவங்க பலருக்கு இது தெரியாது. ஃபார்ம் எழுதித் தர்ற நம்மிலும் பலருக்குத் தெரியாது.

எம்பிபிஎஸ் முடிச்சு, கல்யாணம், குழந்தைகள்னு பத்து வருஷம் ஓடின பிறகு "இனிமே வெளிநாட்ல மேல்படிப்புக்கு அப்ளை பண்ணலாமா? பசங்களைக் கூட்டிட்டுப் போக முடியுமா?"ன்னு கேக்குற பெண் டாக்டர்கள் நிறைய. அவங்களுக்காகத்தான் இந்த இழை.

முதல்ல பின்னணி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் தலையிட்டுச் சேர்த்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்யும்போதே ஒரு நிபந்தனை போட்டார்: என்னைச் சமமாக நடத்தணும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. ஒத்துக்கிட்ட பிறகுதான் கல்யாணம். இதைப் பலரும் காதல் கதை மாதிரி சொல்றாங்க. எனக்கு இது பின்னாடி நடக்கப்போற லண்டன் பயணத்துக்கான முன்னேற்பாடாத்தான் தெரியுது.

அப்புறம் ரெண்டு மகன்கள், சென்னையில் ஓஹோன்னு பிராக்டிஸ். வேலையில் அவருக்கு இடைவெளி இல்லை. படிப்பில்தான் 13 வருஷ இடைவெளி. நடுவில் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். ஆரம்பத்தில் சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் நடந்தது. வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாத்த முடியாத சாவு என்ன செய்யும்னு நம்ம தொழிலில் இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

1925-ல் அரசு உதவித்தொகை கிடைத்தது. லண்டன் செல்சி பெண்கள் மருத்துவமனையில் பெண்கள், குழந்தைகள் நோய்களில் உயர் பயிற்சி, சுமார் 11 மாதம். கணவரும் பிள்ளைகளும் கூடவே போனார்கள்.

அவருக்கு முன்னாடி வேறொரு வழியில் போனவர் மேரி ஷார்லீப். மெட்ராஸில் வக்கீலின் மனைவி, மூணு குழந்தைகளுக்குத் தாய். முப்பது வயசுல, 1875-ல், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1878-ல் லண்டன் போய் 1882-ல் அங்கே பட்டம் வாங்கினார். கணவர் இங்கேயே தொழிலைப் பார்த்துக்கிட்டு இருந்தார். திரும்பி வந்து 1885-ல் அவர் தொடங்கியதுதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. குடும்பம் பிரிந்து இருந்தது, அதுக்கும் ஒரு விலை உண்டு.

1925-ல் இந்தியர் பிரிட்டிஷ் பிரஜை, இங்கிலாந்துக்கு விசா தேவையில்லை. மெட்ராஸ் டிகிரியும் அங்கே செல்லும். அஞ்சே வருஷத்தில், 1930-ல், இந்தியாவில் பிரசவப் பயிற்சி போதலைன்னு குறை சொல்லி அங்குள்ள மெடிக்கல் கவுன்சில் இந்திய டிகிரிகளுக்கான அங்கீகாரத்தை நிறுத்திடுச்சு. மன உறுதியால் மட்டும் சாதிச்சார்னு எழுதுறவங்க இதை விட்டுடறாங்க. கதவு திறந்திருந்த நேரம் அது. ஸ்காலர்ஷிப் இருந்தது, கூட வர்ற கணவரும் இருந்தார்.

இப்போ? 2024 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போறவங்க குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்கு விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு அரசு உதவித்தொகையில் போறவங்களுக்கும் உண்டு. அதாவது முத்துலட்சுமி இன்றைக்கு அப்ளை பண்ணினாலும் அநேகமாகக் குடும்பத்தோட போயிருப்பார்! அதனால எந்தக் கோர்ஸ்னு தேடறதுக்கு முன்னாடி யார் பணம் கட்டுவாங்கன்னு தேடுங்க.

லண்டனில் இருந்தபோது ராயல் கேன்சர் மருத்துவமனையைப் பார்த்தார். தங்கைக்குக் கிடைக்காத எல்லாம் அங்கே இருந்தது. 1926-ல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துக்கிட்டார். திரும்பி வந்ததும் மெட்ராஸ் சட்டமன்ற மேலவைக்கு நியமன அழைப்பு. அரைமனசோட ஒத்துக்கிட்டு, கொஞ்ச நாளில் பிராக்டிஸைக் குறைத்து, தேவதாசி முறை ஒழிப்பில் இறங்கினார். அந்தச் சட்டம் வர 1947 ஆச்சு. இவ்வளவு செலவு பண்ணி லண்டன்ல படிச்சது வீணான்னு அப்போ யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.

புற்றுநோய் மருத்துவமனைக்காக அவர் ஏறி இறங்காத படி இல்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிடியூட் திறந்தது. சின்னப் பையனா அம்மாவோட லண்டன் கப்பலேறிய இளைய மகன் கிருஷ்ணமூர்த்திதான் அங்கே நோயாளிகளைப் பார்த்த முதல் டாக்டர்களில் ஒருவர்.